முட்டிக்குள்ள ஊசி போடலாமான்னு கேக்குறதுக்கு முன்னாடி, அது என்ன ஊசின்னு கேளுங்க

தம்பி, உங்க கேள்வி இதுதான். அம்மாவுக்கு 61 வயசு, நீடாமங்கலம் பக்கம் கிராமம், நாப்பது வருஷமா நாத்து பறி, நடவு, களையெடுப்புன்னு சேத்துலயே நின்னவங்க. இப்ப ரெண்டு முட்டியும் வலி, வலது பக்கம் வீங்கிப் போயிருக்கு, சுகரும் இருக்கு. டவுன்ல ஒரு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போட்டுப் பாக்கலாம்னாரு, இன்னொரு எடத்துல மூணு ஜெல் ஊசி போட்டா தேஞ்ச ஜவ்வு வளந்துடும்னாங்க, உங்க மாமா என்னடான்னா சொந்த ரத்தத்தையே எடுத்து முட்டிக்குள்ள விடுறதுதான் இப்ப லேட்டஸ்ட்டுன்னு சொல்றாரு. எதைப் போடுறதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் கும்பகோணம் பக்கம் பிசியோதெரபிஸ்ட், எலும்பு டாக்டருங்ககூட வேலை பாத்தே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஊசி போடுறது நான் இல்ல, ஆனா போட்டுட்டுப் போனவங்க ரெண்டு மாசம் கழிச்சு எப்படி நடந்து வர்றாங்கன்னு பாக்குற ஆளு நான்தான். பிசியோக்காரன் ஊசியை விட எக்சர்சைஸ்தான் ஒசத்தின்னு சொல்லுவான், எனக்கு அதுல பொழப்பு இருக்கு, அதைக் கழிச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல ஒண்ணு. நம்ம ஊர்ல "முட்டி வலிக்கு ஊசி போட்டேன்"னு பத்து பேர் சொன்னா அதுல முக்காவாசி பேர் முட்டியில போட்டதே இல்ல, இடுப்புல போட்டது. உங்க அம்மாவும் அந்த இடுப்பு ஊசி போட்டிருக்காங்களான்னு நைசா கேட்டுப் பாருங்க, பசங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. நடவு சீசன்ல இது சகஜம், மேட்டூர் ஜூன் 12 தொறந்து குறுவைக்குத் தண்ணி வந்துட்டா கூலி வேலை தொடர்ச்சியா இருக்கும், ஒரு நாள் போகலைன்னா அந்தக் கூலி போச்சு, அதனால சாயங்காலம் கரையேறி வரும்போதே பஸ் ஸ்டாப் பக்கத்துல ஒரு ஊசி, நாளைக்கு மறுபடி வயல். அந்த ஊசியில பெரும்பாலும் டைக்ளோஃபினாக்கும் டெக்சாமெத்தசோனும் இருக்கும். ஒண்ணு வலி மாத்திரையோட ஊசி ரூபம், இன்னொண்ணு ஸ்டீராய்டு. ரெண்டும் சேந்தா அரை மணி நேரத்துல உடம்பு காத்து மாதிரி ஆயிடும், அதனாலதான் அந்த டாக்டருக்குக் கைராசின்னு பேரு.

எங்க சித்தப்பா ஒருத்தர் இப்படித்தான் ரெண்டு வருஷம் வாரம் ஒண்ணுன்னு போட்டாரு. மொகம் பூரி மாதிரி உப்பிச்சு, ஊர்ல எல்லாரும் "ஆளு தேறிட்டாரே"ன்னாங்க, எங்க சித்தியும் சந்தோஷப்பட்டாங்க. கை காலெல்லாம் குச்சியா ஆயிருச்சு, லேசா இடிச்சா தோல் ரத்தம் கட்டும், கடைசியில ஒரு நாள் தார் மாதிரி கருப்பா மலம் போயி ஆஸ்பத்திரியில சேத்தோம், வயித்துல புண்ணு. போட்ட ஊசி என்னான்னு அங்க கேட்டாங்க, ஒரு சீட்டு கெடையாது, ஒரு பேரு தெரியாது. ஊசியை திடீர்னு நிறுத்தவும் முடியல, ரொம்ப நாளா வெளியில இருந்து ஸ்டீராய்டு வந்துக்கிட்டே இருந்தா உடம்பு தானா சுரக்குறதை விட்டுடும், சட்டுன்னு நிறுத்துனா பிரஷர் எறங்கி ஆளே சாஞ்சிடுவாங்க, அதனால மாத்திரையா மாத்தி கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சாங்க. மருந்துக் கடையில குடுக்குற "செட்டு" மாத்திரையிலயும் இதே சங்கதிதான், அதுல ஒரு குட்டி வெள்ளை மாத்திரை இருந்தா அது என்னன்னு கேட்டு வாங்குங்க.

உங்க டாக்டர் சொன்ன மூட்டுக்குள்ள போடுற ஸ்டீராய்டு இது இல்ல. பேரு ஒண்ணா இருக்கறதால பயந்துடக் கூடாது.

1950-ல கார்டிசோன் கண்டுபிடிச்சதுக்கு நோபல் பரிசு குடுத்தாங்க, அடுத்த வருஷமே அமெரிக்காவுல ஹாலண்டர்னு ஒரு டாக்டர் அந்த வகை மருந்தை நேரா மூட்டுக்குள்ள போட்டு எழுதிட்டாரு. எழுபது வருஷத்துக்கு மேல பழகுன வைத்தியம். இப்ப வழக்கமா போடுறது ட்ரையம்சினலோன் இல்லாட்டி மீத்தைல் பிரெட்னிசலோன், முட்டிக்குன்னா பெரும்பாலும் 40 மில்லிகிராம், கூட கொஞ்சம் மரக்குற மருந்து. இது தண்ணியில கரையாத மருந்து, பொடிப் பொடியா மெதந்துக்கிட்டு இருக்கும், அதனால போட்ட எடத்துலயே தங்கி மெதுவா வேலை செய்யும்.

எப்படிப் போடுவாங்கன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பாபநாசம் பக்கம் ஒரு அப்பாயி, உங்க அம்மா மாதிரியே நடவு ஆளு, படுக்கவச்சு முட்டிக்குக் கீழ ஒரு துண்டைச் சுருட்டி வச்சோம். டாக்டர் முட்டிச் சில்லைக் கையால லேசா அசைச்சுப் பாத்தாரு, வெளிப்பக்கமா மேல் ஓரத்துல நகத்தால ஒரு அடையாளம், பழுப்பு மருந்தை ரெண்டு மூணு தடவை வட்டமா தடவி காயவிட்டாரு. காய்றதுக்குள்ள குத்துனா அந்த மருந்து தடவியே பிரயோஜனம் இல்ல, அதை நீங்களும் கவனிங்க. ஊசி போச்சு, முதல்ல மருந்தை உள்ள விடல, வெளிய இழுத்தாரு. நல்லெண்ணெய் நெறத்துல, எதிர்ப்பக்கம் தெரியிற மாதிரி தெளிஞ்ச நீரு, கிட்டத்தட்ட ஒரு சின்ன காபி டபரா அளவு. அந்த நீரு கலங்கி இருந்துச்சுன்னா ஸ்டீராய்டு போடாம நிறுத்தி லேப்புக்கு அனுப்புவாங்க, ஏன்னா உள்ள சீழ் வெச்சிருந்தா ஸ்டீராய்டு அதுக்கு எண்ணெய் ஊத்துன மாதிரி. தெளிவா இருந்ததால ஊசியை எடுக்காமலே சிரிஞ்சை மட்டும் மாத்தி, நல்லா குலுக்குன வெள்ளை மருந்தை உள்ள விட்டாரு. அப்பாயி எட்டிப் பாத்துட்டு "என்னாய்யா பாலை ஊத்துறீங்க"ன்னுச்சு. மொத்தம் அஞ்சு நிமிஷம்.

அன்னிக்கு ராத்திரி கொஞ்சம் கூடவே வலிச்சுது, இது சில பேருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் வரும், ஐஸ் வச்சா அடங்கிடும். நாலாம் நாள் வலி விட்டுடுச்சு. அப்புறம் அப்பாயி என்ன பண்ணுச்சுன்னா நேரா தாளடி நடவுக்குப் போயிடுச்சு! நான் சொல்லிக்குடுத்த எக்சர்சைஸ் ஒரு நாள் கூட செய்யல. ரெண்டரை மாசத்துல அதே முட்டி அதே வீக்கம், "ஊசி சரியில்லய்யா, வேற நல்ல ஊசியா போடச் சொல்லு"ன்னு வந்து நின்னுச்சு.

ஊசி சரியாத்தான் இருந்துச்சு. தேய்மானத்துக்கு இந்த ஊசி செய்யிறது வீக்கத்தை அடக்குறது மட்டும்தான், தேஞ்சது தேஞ்சதுதான். வேலை செய்யிற காலம் சில வாரம், ஆளைப் பொறுத்து ரெண்டு மூணு மாசம். உங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா இது வாய்க்கால்ல முறைத் தண்ணி விடுற மாதிரி, நம்ம மொறை வர்ற அன்னிக்கு மண்வெட்டியோட மடையில நின்னு பாய்ச்சிக்கணும், தூங்கிட்டு அடுத்த நாள் போயி வாய்க்காலைத் திட்டி என்ன பண்றது. வலி இல்லாத அந்த ஆறு எட்டு வாரத்துலதான் தொடைச் சதையைத் தேத்த முடியும், வலியோட இருக்கும்போது எந்த அம்மாவும் காலைத் தூக்க மாட்டாங்க.

அப்படின்னா வலி வர்றப்பல்லாம் போட்டுக்கிட்டே இருக்கலாமேன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல 140 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி, 2017-ல வந்துச்சு, பாதிப் பேருக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா இதே 40 மில்லிகிராம் ட்ரையம்சினலோன், மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி, ரெண்டு வருஷம். முடிவுல ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு ஜவ்வு கொஞ்சம் அதிகமா தேஞ்சிருந்துச்சு, வலியில ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல. அதனால ஒரே மூட்டுல மூணு மாசத்துக்குள்ள மறுபடி போடுறது வேண்டாம், காலண்டர் பாத்து வரிசையா போடுறதும் வேண்டாம், வீங்கி நிக்கும்போது, அவசியத்துக்கு. உங்க அம்மாவுக்கு வலது முட்டி வீங்கியிருக்குன்னு சொல்றதால அந்தப் பக்கம் ஒரு தடவை போடுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. இடது பக்கம் வீக்கம் இல்லைன்னா சும்மா ஜோடிக்குப் போட வேண்டாம்.

சுகர் விஷயம் முக்கியம். மூட்டுக்குள்ள போட்டாலும் கொஞ்சம் ரத்தத்துல கலக்கத்தான் செய்யும், போட்ட மறுநாள்ல இருந்து சுகர் ஏறும், சில பேருக்கு 300 கூட தாண்டும், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள எறங்கிடும். ஏற்கனவே தாறுமாறா இருக்குற சுகர்ல போடக் கூடாது, முதல்ல கட்டுக்குள்ள கொண்டுவாங்க. போட்ட வாரம் தெனம் குத்திப் பாக்க வீட்ல ஒரு மிஷின் இருக்கட்டும், மாத்திரை அளவை நீங்களா கூட்டாம சுகர் பாக்குற டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுக்குங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது. முட்டி மேல சேத்துப்புண்ணு, கொப்புளம், செரங்கு எதாவது இருந்தா, இல்ல காய்ச்சல் இருந்தா, அன்னிக்கு ஊசி கெடையாது. நம்ம பக்கம் வயல்ல நிக்குற கால்ல புண்ணு இல்லாம இருக்கறதே அபூர்வம், அதனால இதைச் சொல்றேன். மூட்டுக்குள்ள கிருமி போறது பல ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான், ஆனா போச்சுன்னா பெரிய ஆபத்து. ரெண்டு நாள் கழிச்சும் வலி கூடிக்கிட்டே போயி, முட்டி நெருப்பா கொதிச்சு, காய்ச்சலும் வந்தா தைலம் தேய்ச்சு உருவி விடாம அன்னிக்கே ஓடுங்க. ஊசி போட்டு ரெண்டு நாளைக்கு வயலும் வேண்டாம், குளமும் வேண்டாம்.

இப்ப ஜெல். மூட்டுக்குள்ள இயற்கையாவே வழவழப்பா ஒரு நீரு இருக்கு, அதுல இருக்குற ஹையலூரானிக் ஆசிட் தேய்மானத்துல நீர்த்துப் போகுது, அதை வெளியில இருந்து ஊசியா விடுறோம், "வண்டிக்கு கிரீஸ் வைக்கிற மாதிரிம்மா"ன்னு சொல்லித்தான் விப்பாங்க. கேக்க ரொம்ப நல்லா இருக்கு, நானே ஆரம்பத்துல அப்படித்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். ஆனா 2022-ல 169 ஆராய்ச்சியை ஒண்ணா கூட்டிப் பாத்தாங்க, பெரிய, ஒழுங்கா நடத்துன ஆராய்ச்சிகள்ல வெறும் தண்ணி ஊசியை விட இது கொறைச்ச வலி, வலியை 100 மார்க்குன்னு வச்சா சுமாரா 2 மார்க்கு. அந்த ரெண்டு மார்க்கை எந்த அம்மாவாலயும் உணர முடியாது. ஜவ்வு வளரும்னு சொன்னது சுத்தமா ஏத்துக்க முடியாத பேச்சு. வெலையைப் பாருங்க, ஸ்டீராய்டு மருந்து சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும், ஜெல்லு பல ஆயிரம், அதுக்காக தோடை அடகு வச்சவங்களை நான் பாத்திருக்கேன். போட்டு நல்லா இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க, பொய் சொல்லல அவங்க, முட்டிக்குள்ள உப்புத் தண்ணி விட்டாலே நிறைய பேருக்கு வலி கொறையும், அது எல்லா ஆராய்ச்சியிலயும் வருது. இன்னொரு சங்கதி, ஜெல்லுல சில பிராண்டு சேவல் கொண்டையில இருந்து எடுக்குறது, கோழி முட்டை அலர்ஜி இருந்தா சொல்லணும். கும்பகோணத்துல ஒரு மாமிகிட்ட இதைச் சொன்னப்ப ஜெல்லே வேண்டாம்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க, எனக்கு வேலை மிச்சம்.

உங்க மாமா சொன்னது பிஆர்பி. கையில ரத்தம் எடுத்து மிஷின்ல சுத்தவிட்டு, தட்டணுக்கள் நிறைஞ்ச மஞ்சத் தண்ணியைப் பிரிச்சு முட்டிக்குள்ள போடுறது. சொந்த ரத்தம்ங்கறதால அலர்ஜி பயம் இல்ல, வாஸ்தவம். பலன்? ஆஸ்திரேலியாவுல 288 பேருக்கு வாரம் ஒண்ணா மூணு ஊசி, பாதி பேருக்கு பிஆர்பி பாதி பேருக்கு உப்புத் தண்ணி, ஒரு வருஷம் கழிச்சு வலியிலயும் வித்தியாசம் இல்ல, ஜவ்வுலயும் வித்தியாசம் இல்ல, 2021-ல வந்த ரிசல்ட்டு. நல்லா இருக்குன்னு சொல்ற சின்னச் சின்ன ஆராய்ச்சிகளும் இருக்கு, ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி தயாரிக்கிறாங்க, அதனால சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. அமெரிக்க மூட்டு மருத்துவர் சங்கம் 2019-ல முட்டித் தேய்மானத்துக்கு ஸ்டீராய்டு ஊசியைச் சிபாரிசு பண்ணுச்சு, பிஆர்பியும் ஸ்டெம் செல்லும் வேண்டாம்னு அழுத்தமா எழுதுச்சு. 61 வயசுல, கூலி வேலை செஞ்ச காசுல, இந்த சோதனைக்கு உங்க அம்மா ஆளு இல்ல.

ஒண்ணு விட்டுட்டேன். வீக்கம் முட்டியில மட்டும்தானா? ரெண்டு கையிலயும் விரல் கணுவெல்லாம் வீங்கி, காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு மேல கை மடங்காம, டம்ளரைக் கூட புடிக்க முடியலைன்னு சொன்னா அது தேய்மானம் இல்ல, முடக்குவாதமா இருக்கலாம். அதுக்கு ரத்த டெஸ்ட் எடுத்து மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து ஆரம்பிக்கணும், மூட்டுல ஊசி போட்டுக்கிட்டே காலத்தை ஓட்டுனா விரலெல்லாம் கோணிடும். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள், தெனம் இல்ல, தெனம் போட்டு ரத்த அணுவெல்லாம் எறங்கி ஐசியூ போனவங்க இருக்காங்க.

ஊசியே வேஸ்ட்டுன்னு நான் சொல்ல வரல. நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையில ராவி ராவி விரல் மடங்கி சிக்கிக்கிட்டு "டக்"குன்னு நிமிர்ற ஆளுங்களுக்கு ஒரே ஸ்டீராய்டு ஊசியில சரியானதை எத்தனையோ பாத்திருக்கேன். சுகர்காரங்களுக்கு தோள்பட்டை உறைஞ்சு போறதுக்கும் ஆரம்பத்துலயே போட்டா நல்லா கேக்கும். ஆனா முழங்கை வெளிப்பக்க வலிக்குப் போட்டா முதல் மாசம் சொர்க்கம், ஒரு வருஷம் கழிச்சு பாத்தா போடாதவங்கதான் நல்லா இருக்காங்க. எடத்துக்கு எடம் மாறும்.

இப்ப என் கடைச் சரக்கு. 2020-ல வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சி, 156 பேரு, பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி, ஒரு வருஷம் கழிச்சு பிசியோ குரூப்புதான் வலியிலயும் நடமாட்டத்துலயும் நல்லா இருந்தாங்க. உங்க அம்மாவுக்கு ரெண்டும் சேத்தே வச்சுக்கலாம். ஊசி போட்டு நாலாம் நாள்ல இருந்து, காலை நீட்டி உக்காந்து முட்டிக்கு அடியில சுருட்டுன துண்டை வச்சு அதைக் கீழ அமுக்கி பத்து எண்ணணும், விடணும், பத்துப் பத்தா மூணு வேளை. ஒரு வாரம் போனதும் மல்லாந்து படுத்து முட்டியை மடக்காம காலை ஒரு முழம் தூக்கி நிறுத்தணும். அப்புறம் உயரமான நாற்காலியில இருந்து கையை ஊணாம எந்திரிச்சு உக்காரணும், இதுதான் ராஜா. மூணு மாசம் விடாம செஞ்சா வித்தியாசம் தெரியும். எடை ஒரு கிலோ கொறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ பாரம் கொறையுது, அஞ்சு கிலோன்னா நீங்களே கணக்குப் போடுங்க. குந்தி உக்காரவே கூடாது, துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க ஒரு மேடை கட்டிக் குடுங்க, ஜெல்லு ஊசி காசுல பாதியிலயே முடிஞ்சிடும், கக்கூஸையும் உக்கார்ற மாதிரி மாத்துங்க. கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில, அதாவது இடது கையில. டைக்ளோஃபினாக் ஜெல்லு, அந்த தடவுற ட்யூப், மாத்திரையை விட வயித்துக்கும் கிட்னிக்கும் பாதுகாப்பு, வேளாவேளைக்குத் தடவலாம். டவுனுக்கு அலைய முடியலைன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021-ல இருந்து வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர்றாங்க, உங்க ஊரு ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க, அந்த திட்டத்துல சுகர் மாத்திரையும் வீட்டுக்கே வரும்.

எக்ஸ்ரே நின்னுக்கிட்டு எடுத்ததா, படுத்துக்கிட்டு எடுத்ததா? படுத்து எடுத்ததுல தேய்மானம் சரியா தெரியாது, நிக்க வச்சு எடுக்கச் சொல்லுங்க. அதுல எலும்போட எலும்பு ஒட்டி, கால் வில்லு மாதிரி வளைஞ்சு, ராத்திரி தூக்கமும் இல்லைன்னா ஊசியில காசைக் கரைக்காம மூட்டு மாத்து ஆபரேஷனைப் பத்திப் பேச வேண்டிய கட்டம், அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே பண்ணலாம். அப்படி ஒரு எண்ணம் இருந்தா மூணு மாசத்துக்கு அந்த முட்டியில எந்த ஊசியும் வேண்டாம், ஆபரேஷன்ல கிருமி வர்ற வாய்ப்பு கூடும். இதை ரொம்ப பேரு டாக்டர்கிட்ட சொல்லாம மறைச்சு மாட்டிக்கிறாங்க.

நீங்க ஊருக்குப் போறப்ப அம்மா வச்சிருக்குற மஞ்சப்பையைக் கொட்டி எல்லா சீட்டையும் போட்டோ எடுங்க, கடைசியா பாத்த மூணு மாச சுகர் டெஸ்ட் எவ்வளவுன்னும், காலையில கை விரல் மடங்குதான்னும் கேட்டு எழுதுங்க. அந்த இடுப்பு ஊசி கதையை அதட்டிக் கேக்காதீங்க, சாப்பாடு போடும்போது பேச்சோட பேச்சா கேளுங்க, தானா சொல்லுவாங்க.